ப்ளோயரை நிறுத்தச் சொன்னவள்

போன மாதம் அஸ்வினி போன் செய்தாள். என்னிடம் டெஸ்டிங்கில் வேலை பழகியவள், இப்போது அதே கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். கன்னடக்காரப் பெண். ஆனாலும் என்னோடு பேசும்போது தமிழை விடமாட்டாள்.

"மேடம், ஒரு ஹெல்ப். புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெய்னிங் புக் போடறோம். அந்தக் காலத்துல தெர்மிஸ்டர் எப்படிப் பண்ணீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப எல்லாமே மெஷின்தானே, பசங்களுக்கு ஒண்ணும் தெரியல."

ஒரே மதியத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு எடுத்துப் படித்துப் பார்த்தேன். பொய் எதுவும் இல்லை. ஆனால் பவுடர் ரூமைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மூலப்பொருள்கள் எடை போடப்பட்டு அரைக்கப்படும்.' எடை போட்டது யார், அவருக்கு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை இல்லை. விட்டதை இங்கே எழுதுகிறேன். அஸ்வினியின் புத்தகத்தில் இதற்கு இடம் இருக்குமா என்று தெரியாது.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்து வளர்ந்தது பிரேசர் டவுன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கெமிஸ்ட்ரியில் பி.எஸ்சி. முடித்த கையோடு, ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் மீட்டரைப் பார்ப்பதும் ரிஜிஸ்டரில் எழுதுவதும்தான் வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு இன்ஸ்பெக்டர், அப்புறம் குவாலிட்டி இன்சார்ஜ். அப்படியே முப்பத்து நாலு வருஷம் போய்விட்டது.

தெர்மிஸ்டர் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. ஒரு கறுப்பு வில்லை, இரண்டு கம்பி, மேலே ஒரு பூச்சு. சூடு ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும், சூடு குறைந்தால் ஏறும். அதை வைத்து மெஷின் சூட்டைத் தெரிந்துகொள்கிறது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, ஏ.சி.யில் இருக்கிறது, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையை வார்மரில் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு ஒயரை ஒட்டுவார்கள் அல்லவா, அதன் நுனியில் இருப்பதும் இதுதான்.

செய்வதற்கு முக்கியமாக மூன்று பொடி வேண்டும். மாங்கனீஸ் ஆக்ஸைடு, நிக்கல் ஆக்ஸைடு, கோபால்ட் ஆக்ஸைடு. பாதிக்கு மேல் மாங்கனீஸ்தான். எது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிக்கல் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ, ஒரே தடவையில் கலந்த அந்த லாட்டே வேறு பொருளாகிவிடும். எடை போட்ட பொடியைத் தண்ணீர் விட்டு, உருளும் ஜாடியில் கெட்டியான பீங்கான் குண்டுகளோடு போட்டு ஒரு நாள் முழுக்க அரைக்க வேண்டும். காயவைத்தால் அடை மாதிரி கட்டிக்கொள்ளும். அதை உடைத்துச் சலித்து ஒரு தடவை ஃபர்னஸில் வறுத்தெடுத்து, மறுபடியும் அரைத்து, பசை கலந்து குருணையாக்கி, பிரஸ்ஸில் வில்லையாக அடிக்க வேண்டும். அந்த வில்லைகளைத் தட்டில் அடுக்கி ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டால் கல் மாதிரி இறுகிவிடும். பிறகு இரண்டு பக்கமும் வெள்ளிப் பசை பூசி, அதையும் சுட்டு, கம்பி வைத்துப் பற்றவைத்து, எபாக்ஸியில் தோய்த்தெடுப்பார்கள். கடைசியில் என்னிடம் வரும். சரியாக இருபத்தைந்து டிகிரியில் நிற்கும் எண்ணெய்த் தொட்டியில் முக்கி ரெசிஸ்டன்ஸ் பார்ப்பேன். தொட்டி ஒரு டிகிரி மாறினால் போதும், அளவு மொத்தமும் தப்பாகிவிடும்.

பவுடர் ரூமில் எடை போட்டதும் சலித்ததும் முனிரத்தினம் அண்ணன். வேலூர்ப் பக்கத்துக்காரர். பொம்மனஹள்ளியில் குடியிருந்தார். அவர் மனைவி கஸ்தூரி அங்கேயே ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தாள். அண்ணன் பத்தாவது வரைதான் படித்தவர், ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவார், ஒன்றோடு குழப்பம் வரக் கூடாது என்று. எடைச் சீட்டு அவர் கையில் இருந்து வந்தால் இரண்டாம் தடவை பார்க்க வேண்டியதில்லை. என்னை 'ஸ்டெல்லாம்மா' என்பார். மதியம் ஒரே டேபிளில் சாப்பிடுவோம். இளவயதில் நன்றாகக் குடித்தவர். ஒரு தடவை ஃபேக்டரி கேட்டிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். மகள் பிறந்ததும் விட்டுவிட்டார், அதற்கப்புறம் தொட்டதில்லை. ஆனால் அவர் கேட்டில் விழுந்து கிடந்ததை ஃபேக்டரியில் யாரும் மறக்கவில்லை.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ராவ் சார். உடுப்பிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், ஃபர்னஸிலிருந்து வந்த தட்டில் ஒரு வில்லையை எடுப்பார், மேஜைமேல் இருக்கும் கண்ணாடித் துண்டில் ஓர் அங்குல உயரத்திலிருந்து போடுவார். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. சத்தம் அமுங்கினால் ஒன்றும் சொல்லாமல் ஃபர்னஸ்காரரைப் பார்ப்பார், அவ்வளவுதான். ரிப்போர்ட் கொடுத்தால் பென்சிலோடு படிப்பார். எந்த வரி பிடிக்கவில்லையோ அதன் ஓரத்தில் ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார். 'யாகே?' ஏன் என்று அர்த்தம். காரணத்தை எழுதிக் கொடுக்கிற வரை அந்த ரிப்போர்ட் நம் தலைமேல்தான் இருக்கும். அவரிடம் நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்விதான் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லாத சமயமும் ஒன்று உண்டு.

நான் இன்சார்ஜ் ஆன புதிதில் லாட்டுக்கு லாட் ரெசிஸ்டன்ஸ் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் சரியாக இருக்கும், அடுத்த வாரம் பாதித் தட்டு கழிவுக்குப் போகும். ஃபர்னஸைப் பார்த்தோம், பிரஸ்ஸைப் பார்த்தோம், என் எண்ணெய்த் தொட்டியையே மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். எங்கேயும் கோளாறு இல்லை. கடைசியில் நான் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் பவுடர் ரூமில் முழு நாள் உட்கார்ந்தேன்.

தராசுக்கு மேலே தகரக் கூண்டு ஒன்று தொங்கும். ப்ளோயர் ஓடும்போது தூசியை அது உள்ளே இழுத்து வெளியே தள்ளிவிடும். நிக்கல் பொடி மூன்றிலும் மெல்லியது. அண்ணன் அதைத் தட்டில் கொட்டக் கொட்ட, சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு இழை எழும்பிக் கூண்டுக்குள் போவதைப் பார்த்தேன். தராசின் எண்ணும் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது.

"அண்ணா, ப்ளோயரைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினார். எண் அப்படியே நின்றது. கொட்டிய பொடி தட்டிலேயே இருந்தது.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பத்து நாள் ப்ளோயர் இல்லாமல் எடை போட வைத்தேன். கழிவு பாதிக்கும் கீழே இறங்கியது. ப்ராசஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'எடை போடும்போது ப்ளோயர் நிறுத்தப்பட வேண்டும்.' ராவ் சார் அதில் 'யாகே' எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் "சபாஷ் ஸ்டெல்லா" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை யாரும் அதுவரை கேட்டதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சலிக்கும் மேஜையும் அதே ரூமில்தான், ப்ளோயர் சுவிட்சும் ஒன்றுதான். சலிக்கும்போதும் மெல்லிய தூள் போகிறதே என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மாதம் கழித்து ஷீட்டை எடுத்து, 'எடை போடும்போது' என்பதை அடித்துவிட்டு, 'பவுடர் ரூமில் வேலை நடக்கும்போது' என்று எழுதினேன். காற்று வரக் கூடாது என்று கதவையும் சாத்தி வைக்கச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் சாப்பாட்டு டேபிளில் அண்ணன் சொன்னார்: "ஸ்டெல்லாம்மா, ரூம்ல புகை மண்டிக் கெடக்குதும்மா. மூக்கு சிந்துனா மை மாதிரி வருது."

"மாஸ்க் போட்டுக்கங்கண்ணா. இந்த ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம்."

நாங்கள் கொடுத்தது சாதாரணத் துணி மாஸ்க். அந்த ஆர்டர் முடிந்து அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நானும் பார்க்கவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. மாங்கனீஸ் மூட்டையின் மேல் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். 'தூசியைச் சுவாசிக்காதீர்கள்' என்று இருக்கும். நான் அதைப் படித்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மூன்று வருஷம் ஆகியிருக்கும். முதலில் அவர் சிரிப்புதான் மாறியது. கேன்டீனில் யாரும் ஒன்றும் சொல்லாமலேயே சிரிப்பார், சிரித்துவிட்டுத் தானே திகைத்துப்போய்ப் பார்ப்பார். பிறகு நடை. கை இரண்டும் முழங்கையில் மடங்கி அப்படியே நிற்க, பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் ஊன்றி நடந்தார். ஒரு நாள் லாரிக்கு வழிவிட இரண்டடி பின்னால் வைத்தவர், மரம் சாய்வது மாதிரி மல்லாக்க விழுந்தார். முகத்தில் எதுவும் தெரியாமல் போனது. குரல் அடங்கியது. ஃபேக்டரியில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு."

எடைச் சீட்டும் மாறியது. எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. வரி தொடங்கும்போது கொஞ்சம் பெரிதாக இருக்கும், முடியும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். ஏழின் நடுக் கோடு கண்ணுக்கே தெரியாது. நான் லென்ஸ் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். தப்புப் போட்டால் தெரியக் கூடாது என்று பொடியாக எழுதுகிறாரோ என்று எனக்குள் ஒரு கோபம்கூட வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வார்மர் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய லாட் முழுசாகக் கெட்டது. ஒன்றுகூட அளவுக்குள் வரவில்லை. ஸ்டாக்கைச் சரிபார்த்தபோது நிக்கல் இரண்டு தடவை விழுந்திருப்பது தெரிந்தது. வெளியே போவதற்குள் பிடித்துவிட்டோம், குழந்தைகள்வரை அது போகவில்லை. லாட் மொத்தமும் கழிவுக்குப் போனது. நான் ரிப்போர்ட் எழுதினேன். 'எடை போட்டவருக்குக் கை தடுமாற்றம். எழுத்து படிக்க முடியவில்லை' என்று ஒரு வரி.

ராவ் சார் அந்த வரியின் ஓரத்தில் 'யாகே?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அவர் கேட்டார். அதை நான் மறக்கவே கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுபடியும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ரூமில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வில்லை சரியில்லை என்றால் முழு நாள் உட்கார்ந்தவள், ஒரு மனுஷனுக்காக ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பேனாவை எடுத்து அவர் கேள்விக்குக் கீழேயே எழுதினேன்: 'மதுப்பழக்கம் இருக்கலாம்.'

அந்த ஒரு வரியை வைத்துத்தான் விசாரணை நடந்தது. பர்சனல் ஆபீசர், ராவ் சார், நான், எதிரே அண்ணன். சுத்தமாகச் சலவை செய்த சட்டை போட்டு வந்திருந்தார். பட்டன் மட்டும் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"இவர் குடிச்சிட்டு வேலைக்கு வந்து நீங்க பார்த்திருக்கீங்களா மேடம்?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

"பார்க்கல சார்."

"முன்னாடி குடிச்சிட்டு இருந்தாரா?"

"முன்னாடி... ஆமாம் சார். விட்டுட்டாரு."

"இப்போ?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். "ஸ்டெல்லாம்மா, நீ சொல்லும்மா. தெனமும் ஒரே டேபிள்லதான சாப்புடறோம். நான் குடிக்கலன்னு சொல்லும்மா."

தினமும் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ஒரு நாள்கூட வாடை வந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம், அது உண்மை. ஆனால் எழுதிக் கொடுத்தது நானே. இப்போது மாற்றிச் சொன்னால் என் ரிப்போர்ட் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி போனது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபீசர் ஃபைலை மூடினார். டிஸ்மிஸ் பண்ணாமல் ராஜினாமா எழுதித் தரச் சொன்னது ராவ் சாரின் இரக்கம். அண்ணன் அந்த ரூமிலேயே உட்கார்ந்து எழுதினார். முழு வெள்ளைத் தாளில் மேலே மூன்று வரிக்குள், பொடியான எழுத்தில் அவர் கடிதம் முடிந்துவிட்டது.

அவர் இடத்துக்குப் பசவராஜ் வந்தார். தும்கூர்ப் பக்கத்துக்காரர். கழுத்தில் லிங்கம் கட்டியவர், சீட்டி அடித்தபடியே வேலை செய்வார், காபிகூடத் தொடமாட்டார். ஒன்றரை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவருடைய எடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எண் தெளிவாக இல்லை என்று டிராயரைத் திறந்து லென்ஸை எடுத்தேன். அண்ணனின் சீட்டுகளுக்குப் பிறகு அதை நான் எடுத்ததே இல்லை.

எழுந்து போய் ரெக்கார்டு ரூமைத் திறந்தேன். அண்ணனின் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. மாதத்துக்கு ஒன்றாக உருவி, டெஸ்டிங் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ப்ளோயர் ஓடிய காலத்துச் சீட்டுகளில் எழுத்து ஒரே அளவு, வருஷக்கணக்கில் ஒரே அளவு. நிறுத்திய பிறகு முதல் வருஷம் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. கீழே இன்னொரு வரிசையில் பசவராஜின் சீட்டுகளை வைத்தேன். அவருடையதும் குறையத் தொடங்கியிருந்தது. முந்தினவர் குடிகாரர் என்றால், தண்ணீரும் மோரும் மட்டும் குடிக்கிற இவருக்கு ஏன்?

ராவ் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே கடைசிச் சீட்டு வரை பார்த்தார். "ஸ்டெல்லா, பசவராஜை என் காருக்குக் கூட்டிட்டு வா" என்றார். அவர் குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது. கார் சாவியை எடுக்க மட்டும் இரண்டு பாக்கெட்டையும் மாற்றி மாற்றித் தேடினார்.

நரம்பு டாக்டர் ஒரு அம்மா. பசவராஜை நடக்கவைத்தார், பின்னால் அடி வைக்கச் சொன்னார், ஒரே வாக்கியத்தைப் பத்து வரி எழுதச் சொன்னார். தாளைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பண்றார்?" என்று கேட்டார். ராவ் சார் சொன்னார். பொடிகளின் பெயரைச் சொல்லும்போது மாங்கனீஸ் என்றதும் டாக்டர் நிமிர்ந்தார்.

"எவ்வளவு?"

"பாதிக்கு மேலே" என்றேன்.

"எக்ஸாஸ்ட் ஒண்ணும் இல்லையா?"

ராவ் சார் என்னைப் பார்த்தார். "இருக்கு. ஓடறதில்ல" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. மாங்கனீஸ் தூசி மூளையில் ஏறினால் நடை, பேச்சு, கையெழுத்து எல்லாம் இப்படித்தான் போகும் என்றார். எழுதிக்கொண்டே, "இவருக்கு முன்னாடி அந்த ரூம்ல யார் இருந்தாங்க?" என்று கேட்டார்.

பசவராஜை அன்றே பவுடர் ரூமிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினோம். சீக்கிரம் பிடித்ததால் அவருக்கு அதற்கு மேல் போகவில்லை. இன்றும் நடமாட்டமாக இருக்கிறார்.

ப்ளோயரை மறுபடி ஓடவிட்டோம். பழையபடி தராசின் எண் துள்ளியது. மெயின்டெனன்ஸ் ஆள் ஒருவர் வந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரு பெட்டி செய்து தராசை அதற்குள் வைத்தார். முன்பக்கம் கை நுழைய இரண்டு ஓட்டை, பின்னால் காற்று மெதுவாக இழுக்கும்படி ஒரு சின்னக் குழாய். எண் துள்ளவில்லை, பொடி பறக்கவில்லை, வெளியே தூசியும் இல்லை. அரை நாள் வேலை. அந்தப் பெட்டியை முதலிலேயே கேட்க எனக்குத் தோன்றவில்லை. சபாஷ் வாங்கிய பிறகு யார் மேற்கொண்டு யோசிப்பார்கள்?

அண்ணனுக்கு வந்தது தொழிலால் வந்த நோய்தான் என்று ஈ.எஸ்.ஐ.யில் ஏற்றுக்கொள்ள, கம்பெனியின் கடிதம் வேண்டும். என்ன பொடி, எத்தனை வருஷம், ப்ளோயர் எப்போதிலிருந்து நின்றது, நிறுத்தச் சொன்னது யார், எல்லாவற்றையும் நானே எழுதினேன். ராவ் சார் படித்தார். நிறுத்தச் சொன்னவர் என்று நான் என் பெயரை எழுதியிருந்த இடத்தில் தன் பெயரையும் சேர்த்தார். "ஷீட்ல கையெழுத்து என்னது" என்றார். பிறகு பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி தானே எழுதினார்: 'இவர் வேலை நேரத்தில் மது அருந்தியதாக நாங்கள் கருதியது தவறு.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனேன். மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஒற்றை ரூம். கஸ்தூரி கதவைத் திறந்தாள். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சரியாமல் இருக்க, மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டைப் போட்டு நாற்காலியோடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கண் மட்டும் அசைந்தது.

நான் கடிதத்தை வாசித்தேன். கடைசி வரி வந்ததும் கஸ்தூரி வாங்கித் தானே ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள்.

"ரெண்டு வருஷமா தெனமும் இவரு வாயை மோந்து பார்த்தேன்க்கா" என்றாள். "வாடை வராது. எங்க வாங்கிக் குடிக்கிறாரு, எப்படி வாடை இல்லாமக் குடிக்கிறாருன்னு பையெல்லாம் தேடுவேன். பொண்ணுகிட்டகூடப் பேசவிடல. குடிக்கலடி, குடிக்கலடின்னு சொல்லிட்டே இருந்தாரு. பேச்சு கொழறுதே, எப்படி நம்பறது? ஃபேக்டரிலயே சொல்லிட்டாங்களேன்னு இருந்தேன்."

நான் அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, ப்ளோயரை நிறுத்தச் சொன்னது நான்தான். நீங்க புகையா இருக்குன்னு சொன்னீங்க, நான் கேட்கல. குடிச்சிருப்பாருன்னு எழுதினதும் நான்தான். ராவ் சார் இல்ல. நான்தான்."

காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அவர் உதடு அசைவதைப் பார்த்துக் கிட்டே போனேன். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"இப்ப... யாரு... எடை போடறது?"

சொன்னேன். கண்ணாடிப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன்.

"கை... தாராளமாப் போகுதா... உள்ள?"

"போகுதுண்ணா."

"புகை?"

"இல்லண்ணா. சுத்தமா இல்ல."

"சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சரிம்மா."

எனக்கு அங்கே அழ உரிமை இல்லை என்று தோன்றியது. கையெழுத்து வாங்க வேண்டிய தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்தேன். கஸ்தூரி மாடிப்படி வரை வந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே கேட்காதபடி சொன்னாள்:

"அவரு சரின்னுட்டாரு. அவரு எப்பவும் அப்படித்தான். நான் சொல்லலக்கா. நீங்க வரலாம், போகலாம், ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நான் சரின்னு சொல்லல."

"சரிம்மா" என்றேன்.

டாக்டர் அண்ணனையும் பார்த்து அதே நோய்தான் என்று எழுதிக் கொடுத்தார். ஈ.எஸ்.ஐ.யில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கே நிறைய அலைய வேண்டியிருந்தது. நானும் கூட அலைந்தேன். மருந்து அவருக்குப் பெரிதாகக் கேட்கவில்லை. இந்த நோய்க்கு அப்படித்தான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மகள் நர்சிங் படித்து வேலைக்குப் போவதைப் பார்க்கிற வரை அண்ணன் இருந்தார். ராவ் சார் ரிடையர் ஆகி ஊருக்குப் போய், அங்கேயே காலமானார். நான் அதே கம்பெனியில் வேலையை முடித்து, மாலை போட்டுக்கொண்டு வந்தேன். வழியனுப்பு விழாவில் என்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் நான் கழிவைக் குறைத்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி பொம்மனஹள்ளிக்குப் போகிறேன். கஸ்தூரி இப்போது மகளோடு இருக்கிறாள். முட்டி வலி என்று கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டாள். நான் போனால் ஃபேனைப் போடுவாள், பேத்தியின் ஸ்கூலைப் பற்றிப் பேசுவாள். அன்று படியில் சொன்னதை அதற்குப் பிறகு அவள் ஒரு தடவையும் பேசியதில்லை, மாற்றியும் சொன்னதில்லை. மாற்றிச் சொல்வாள் என்று காத்துக்கொண்டுதான் போகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது இல்லை.

போன வாரமும் போயிருந்தேன். கஸ்தூரி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.